கையொப்பமும் பால்மரமும்

பெரும்பாணாற்றுப்படை காலணியை ‘அடிபுதை அரணம்’ எனக் குறிக்கிறது. அடியை உள்ளடக்கிக் காக்கும் அரண் என்பது அதன் பொருள். ஒரு சப்பாத்தின் தகுதியை அளக்க இதனினும் நேரிய அளவுகோல் வேண்டுவதில்லை.

கூடைப்பந்து உலகில் பெரும்பெயர் பெற்ற ‘சக் டெய்லர் ஆல் ஸ்டார்’ இவ்வளவுகோலுக்கு எம்மட்டில் நிற்கிறது? அமெரிக்காவின் கான்வர்ஸ் நிறுவனம் 1917இல் ஆல் ஸ்டாரை வெளியிட்டது. ஆட்டக்காரராயிருந்து அதன் விற்பனையாளராக மாறிய சக் டெய்லரின் கையொப்பம் 1930களில் கணுக்கால் வட்டத்தில் ஏறியது. மேலே கித்தான், கீழே ரப்பர்; அமைப்பு அவ்வளவே. மரத்தளத்தை அந்த ரப்பர் அடி நன்கு பற்றியது. 1962இல் வில்ட் சேம்பர்லேன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தபோது அணிந்திருந்ததும் இச்சப்பாத்தே.

ஆயினும், குதித்து இறங்கும் அதிர்ச்சியைத் தட்டையான அடி தாங்கவில்லை; கணுக்காலைக் கித்தான் இறுகப் பிடிக்கவுமில்லை. 1969இல் அடிடாஸ் ‘சூப்பர்ஸ்டார்’ என்னும் தோல் சப்பாத்தைக் கொணர்ந்தபின், ஆட்டக்காரர் சிறுகச் சிறுக அதன்பால் சென்றனர். அரணம் என்ற அளவில் ஆல் ஸ்டார் தோற்றது. தெருவில் நடப்போர் காலில் மட்டும் வாழ்ந்தது. களத்தில் இழந்ததைக் கையொப்பம் காத்தது எனலாம்.

அக்கையொப்பத்தின் புகழைப் பாடுவோர் அடியிலுள்ள ரப்பரை மறந்துவிடுகின்றனர். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளுட் சில, பேராக்கின் கோலகங்சாரில் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர்ப் பேராக்கெங்கும் தோட்டங்கள் பரந்தன. டெய்லர் ஊர் ஊராகச் சென்று சப்பாத்து விற்ற ஆண்டுகளில், அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு மலாயா ரப்பரே பெருந்துணை. விடியுமுன் பெரட்டில் நின்று, மரம் வெட்டி, மங்கு மங்காய்ப் பால் சேர்த்தோருள் தமிழர் மிகப் பலர். வெறுங்காலோடு நடந்தவரும் அவருள் உண்டு. பல தோட்டத்துப் பால் தகடாகிக் கலந்து கப்பலேறியபின், எந்தச் சப்பாத்தில் எவர் உழைப்பு என்று பிரித்தறிய வழியில்லை. கையொப்பம் இடக்கூடாத பொருளன்று ரப்பர். இட்டவர் எவர் என்பதே வினா.

அத்தோட்டங்களிற் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் இடந்தந்துவிட்டன. ஈப்போவில் மாணவரைக் கூடைப்பந்துத் திடலுக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், சப்பாத்தின் பக்கத்திலுள்ள பெயரைக் காட்டுவதோடு நில்லாமல், அதன் அடியையும் திருப்பிக் காட்டுதல் வேண்டும். பெயரை மட்டும் படிக்கும் திறனாய்வு, நூலின் அட்டையைப் படித்து முடித்தது போன்றதே.