மேக்னட்டின் எடை

யமஹா ஆர்.எக்ஸ். 100 கைக்கு வந்ததும் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், மேக்னட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்புவது. சுற்றிலும் இரும்பைச் சீவிவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே சீறுகிறது பார் என்று பூரித்துப்போவார்கள். நேர்சாலையில் கால் மைல் விரட்டுவதற்கு அது சரிதான். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் குன்றடிப் பாதையில், வெங்கச்சங்கல் புரளும் ஏற்றத்தில், முதல் கியரில் அரை கிளட்ச் பிடித்து ஏறுகிறவனுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்க வேண்டும் என்பது ஏட்டில் இருக்கும் கணக்கு. த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்து சுற்று இறங்கியிருக்கும்போது, பழைய புகை சிலிண்டரைவிட்டு முழுசாகப் போகாது. ஒரு வெடி விழும், அடுத்தது தவறும். தவறிய வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது மேக்னட்டின் சுழற்சி மட்டுமே. அதைச் சீவியவன் அந்த இடைவெளியில் நின்றுபோவான். நிற்காமலிருக்க முறுக்குவான். 6,000 சுற்றுக்கு மேல் இன்ஜின் திடீரென்று விழித்துக்கொள்ளும், பின் சக்கரம் கல்லை வாரி இறைக்கும், வண்டி அங்கேயே குழி தோண்டும். ஆர்.எக்ஸ்.ஸின் 11 குதிரையும் ஆஜராவது 7,500 சுற்றில். குன்றடியில் நமக்கு 2,000 சுற்றில் பாதிக் குதிரை கிடைத்தால் போதும், ஆனால் அது சொன்ன பேச்சு கேட்க வேண்டும்.

ஆகவே என் கட்சி, மேக்னட்டில் எடை ஏற்றும் கட்சி. வெளிவிளிம்பில் பொருந்துகிற மாதிரி ஓர் இரும்பு வளையத்தைக் கடைந்து, சூடேற்றி, இறுக்கமாக ஏற்ற வேண்டும். சூடு வளையத்துக்குத்தான், மேக்னட்டுக்கு அல்ல. அவசரத்தில் வெல்டிங் வைத்தால் காந்தம் சூட்டில் செத்துவிடும். பிறகு ஸ்பார்க் எங்கே போச்சு என்று காயிலை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கவருக்குள் இடம் கொஞ்சம்தான், எனவே வளையம் அகலத்தில் வளரலாம், உயரத்தில் வளரக் கூடாது. பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் கிராங்க் பேரிங் பழிவாங்கும். எல்லோரும் மறக்கிற ஒன்று உண்டு. எடை கூடிய மேக்னட் திருப்பி உதைத்தால் அந்தச் சின்னக் கீ தாங்காது. மேக்னட்டைப் பிடித்திருப்பது கீயே அல்ல, கிராங்கின் கூம்பு. கீயைக் கழற்றிவிட்டு, வால்வு பேஸ்ட் தடவி, கூம்பும் மேக்னட்டும் ஒரே சாம்பல் நிறமாகப் படியும்வரை கையால் தேய்க்க வேண்டும். ரயில்வே கேட் அருகே கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இதற்கே அரை நாள் எடுத்துக்கொள்வார். கேட்டால் பதில் வராது. டீ வாங்கிவரச் சொல்லுவார். அவர் ஏற்றிக் கொடுத்த வண்டி ஐடிலில் நிற்கும்போதே தெரியும், ஒவ்வொரு வெடியும் அடுத்ததைக் கைபிடித்து அழைத்துவருகிற மாதிரி ஓடும்.

பெரிய வண்டிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், எங்களுக்குப் பவர் வால்வு இருக்கிறதே என்று. இருக்கட்டும். கே.டி.எம்.மின் பழைய 300இல் அந்த வால்வுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று ஸ்பிரிங். சிவப்பு முரட்டுத்தனம், பச்சை சாந்தம். அந்த வண்டியை டாடா ஏஸில் ஏற்றி, தெரிந்தவர் நிலத்துக்குக் கொண்டுபோய் இறக்குகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேர் சிவப்பை மாட்டிக்கொண்டு, நாலாவது வளைவிலேயே கை மரத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். யமஹாவே ஒய்.இசட். 250ஐக் காட்டுப் பாதைக்கென்று ‘எக்ஸ்’ ஆக்கியபோது என்ன செய்தது? கம்ப்ரஷனைக் குறைத்தது, பவர் வால்வின் நேரத்தை மாற்றியது, பின்னால் 18 அங்குலச் சக்கரம் போட்டது. பாதைக்கு இறங்கும்போது பலத்தை அடக்கத்தான் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுவேன்: கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்பு மணல். அங்கே சுற்று விழுந்தால் முன்சக்கரம் புதையும், முறுக்கித்தான் ஆக வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டில் மூன்று பல் கூட்டுங்கள், அல்லது முன்னால் ஒன்றைக் குறையுங்கள், கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கடலோர மணலில் இறங்கவே வேண்டாம். தையிலிருந்து சித்திரை வரை ஆமை முட்டையிடுகிற இடம் அது.

இந்தத் தோப்பு மணலுக்குப் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் படும் பாட்டை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் ஊர் 900 மீட்டர் உயரம், காற்று லேசு, கார்புரேட்டர் ஜெட்டும் அதற்கேற்பச் சின்னது. மாமல்லபுரத்தில் காற்று கனம். நம் ஊர்ச் சூடு அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், முழுசாக அல்ல. பெட்ரோல் பற்றாத இன்ஜினை மணலில் முழுத் த்ராட்டிலில் பிடித்தால் பிஸ்டன் ஜாம் ஆகாமல் என்ன செய்யும்? மெயின் ஜெட்டை ஏற்றிக்கொண்டுதான் மலையிறங்க வேண்டும். குன்றடிக்காரனுக்கோ மெயின் ஜெட் அவ்வளவு முக்கியமில்லை. அவன் நாள் முழுக்க வாழ்வது முதல் கால் திறப்பில். அங்கே ஆட்சி பைலட் ஜெட்டுக்கும் ஸ்லைடின் வெட்டுக்கும்.

சஸ்பென்ஷனை நம் ஊரில் இறுக்கிவைப்பதுதான் வீரம். உட்கார்ந்தால் கொஞ்சமாவது அமுங்க வேண்டாமா? டயரில் காற்றும் அப்படித்தான்: ரோட்டுக்கு அடிக்கிற காற்றோடு வெங்கச்சங்கல்லில் ஏறினால் டயர் துள்ளுமே தவிரப் பிடிக்காது.

ஹிமாலயனும் எக்ஸ்பல்ஸும் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. நல்ல வண்டிகள், மறுக்கவில்லை. ஆனால் ஹிமாலயன் 411 கிட்டத்தட்ட 200 கிலோ, ஆர்.எக்ஸ். நூறுக்குச் சற்றே மேல். சித்திரையில் வெடித்துக் கிடக்கிற ஏரிப் படுகையில் சக்கரம் பிளவுக்குள் இறங்கிவிட்டால், தனியாளாகத் தூக்கிவைக்கக்கூடியது எது என்பதை அவர்களே சொல்லட்டும். ஷோகன் கட்சியோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. 1993இல் வந்த அந்த வண்டிக்கு 14 குதிரை, சைலன்சர் சத்தத்துக்கே உயிரைக் கொடுப்பார்கள். சோழவரம் விமான ஓடுதளத்துப் பந்தயம் பார்த்து வளர்ந்த காதுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அதன் குணம் முழுக்க மேல்சுற்றில். மண் பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையடிப் பாதையில் அது ஓட்டுகிறவனைத்தான் ஓட்டும்.

இப்போது ஆர்.எக்ஸ். லட்சங்களில் விலைபோகிறது. குரோம் பூசி, ரீல்ஸ் எடுத்து, உறை போட்டு மூடிவைக்கிறார்கள். சேறு படாத ஆர்.எக்ஸ். பெருகிவிட்டது. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலிலோ 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஐப்பசியில் நிறுத்திய வண்டியைத் தையில் எடுத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். தவிர, எத்தனால் கலந்த அளவுக்குக் கலவை மெலியும், ஜெட்டை இன்னும் ஏற்ற வேண்டும். ஏற்றலாம், ஜெட் நம்பகமாக இருந்தால். கடையில் தருகிற போலியில் 100 என்று பொறித்திருக்கிறது, துளை எந்த எண்ணுக்கு என்று போட்டவனுக்கே தெரியாது. பழைய சாமான் கடையில் அசல் மிக்குனி ஜெட் கண்ணில் பட்டால், எண் பார்க்காமலே வாங்கிவிடுகிறேன்.