தஞ்சாவூருக்கு ஒரு நல்ல கைடு

"பெரிய கோயில் விமானத்தோட நிழல் தரையில விழாது சார்."

தஞ்சாவூரைச் சுற்றிக் காட்ட வந்த கைடு முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். காலை ஏழரை மணி வாக்கில் கருவறைக்குப் பின்னால், மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். நிழல் கல்தளத்தில் நீட்டிப் படுத்திருக்கும். மாலையில் கிழக்கே விழும். மார்கழி, தை மாதங்களில் நண்பகலில்கூட வடக்குப் பக்கம் விழுந்து கிடக்கும். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சில நாட்கள் மட்டும் தஞ்சாவூரில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே வரும். அப்போது விமானத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த நாட்களில் தஞ்சாவூரில் இருக்கிற விளக்குக் கம்பத்துக்கும் அதே கதிதான்.

இப்போது கைடைக் கவனியுங்கள். நிழலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எல்லாரும் இதைத்தான் கேட்க வர்றாங்க, அதான் சொல்லிடறது" என்று ஒப்புக்கொள்கிறவர் தேறுவார். அவரிடம் இன்னும் சரக்கு இருக்கும். "அது வேற நிழல் சார்" என்று சாதிப்பவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கைடு வைத்துக்கொள்வது வெள்ளைக்காரர்களின் பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் ஊர், நம் கோயில், நமக்கு எதற்கு விளக்கம்? இந்த எண்ணத்தில் பெரிய கோயிலுக்குள் நுழைந்து, நந்தி முன்னால் படம் எடுத்து, பெருவுடையாரைக் கும்பிட்டு, அரை மணியில் வெளியே வந்துவிடுகிறோம். நடந்து வந்த வழியெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஆயிரம் ஆண்டுப் பழைய தமிழ் வெட்டப்பட்டிருந்ததைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். இந்தக் கோயிலை யார் கட்டினார் என்பதையே ஊர் ஒரு காலத்தில் மறந்திருந்தது. கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொல்ல, மற்றவர்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. சுவர் முழுக்க அவன் பெயர் இருந்தும் படிக்க ஆள் இல்லை. நல்ல கைடின் முதல் வேலை இந்தச் சுவர்ப் பக்கம் உங்களைத் திருப்பி நிறுத்துவது.

அவரைத் தேர்ந்தெடுப்பது கோயில் வாசலில் நடக்கக் கூடாது. முந்தின நாளே தொலைபேசியில் பத்து நிமிடம் பேசிவிடுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகமும் மாநில சுற்றுலாத் துறையும் பயிற்சி கொடுத்து அங்கீகரித்த கைடுகள் இருக்கிறார்கள். படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருப்பார்கள். அட்டையைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அட்டை மட்டும் போதாது. அது ஒருவர் பயிற்சிக்குப் போனார் என்பதற்குத்தான் சாட்சி. அதற்குப் பிறகு அவர் ஒரு புத்தகமாவது பிரித்தாரா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "எனக்கு மூணு மணி நேரந்தான் இருக்கு. எதை விட்டுடலாம்?" விஷயம் தெரியாதவர், "எல்லாத்தையும் காட்டிடலாம் சார், கவலைப்படாதீங்க" என்பார். தெரிந்தவருக்கு விடுவதில்தான் கஷ்டம். யார் யார் வருகிறீர்கள், பெரியவர்கள் இருக்கிறார்களா, குழந்தைக்கு என்ன வயது, இதற்கு முன் வந்ததுண்டா, சாமி கும்பிட வருகிறீர்களா சிற்பம் பார்க்கவா என்று நம்மையே கேள்வி கேட்பார். பதினொரு மணிக்கு மேல் கல்தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது, ஆறரைக்கே வந்துவிடுங்கள் என்பார். இந்த அக்கறை பட்டயப் படிப்பில் வராது.

இன்னொன்று, தமிழில் பேசச் சொல்லுங்கள். பல கைடுகளுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஒரு மணி நேர ஒப்பித்தல் தயாராக இருக்கும். வெளிநாட்டவரை நம்பிப் பிழைக்கிற தொழில், குறை சொல்ல முடியாது. நாம் தமிழில் பேச ஆரம்பித்ததும் அந்த மனப்பாடம் உதவாது. மனிதர் யோசித்துப் பேசியாக வேண்டும். சிலர் அங்கே திணறுவார்கள். சிலர் அங்கேதான் பிரகாசிப்பார்கள்.

பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை பேர், அரண்மனையும் சேர்த்தா, ஆட்டோ யார் செலவு. பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, அரண்மனையில் உண்டு. அடித்துப் பேரம் பேசிக் கூலியைப் பாதியாக்கினால், குறைத்த பணத்தை அவர் ஏதாவது ஒரு கடையில் கமிஷனாக எடுத்துக்கொள்வார். தஞ்சாவூர் ஓவியம், வீணை, தலையாட்டி பொம்மை எல்லாமே பார்க்க வேண்டியவைதான். பலாமரத்தைக் குடைந்து வீணைக்குடம் செய்கிற பட்டறைக்கு ஒரு கைடு அழைத்துப் போனால் அது பாக்கியம். குளிர்சாதனக் கடையில் உட்காரவைத்துக் கூல்டிரிங்க் கொடுத்தால் அது வியாபாரம். "கடைக்குக் கூட்டிப் போக வேண்டாம், அந்த நேரத்துக்கும் சேர்த்து நானே தந்துடறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். அவரை எப்படி ரசிப்பது? பாடகரைக் கேட்கப் போகிறவருக்குக் கொஞ்சம் தாளம் தெரிந்திருந்தால் கச்சேரி இனிக்கிற மாதிரி, கைடோடு நடப்பவருக்கும் கொஞ்சம் கேட்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் மனதுக்குள் ஒரு துணைக்கேள்வி போடுங்கள்: இது எப்படித் தெரியும்? கல்லில் இருக்கிறதா, ஏட்டில் இருக்கிறதா, பாட்டி சொன்னதா? மூன்றுக்கும் ஊரில் இடம் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்கிறவர்தான் நமக்கு வேண்டியவர்.

விமானத்தின் உச்சிக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 80 டன், ஒரே கல், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி யானையை வைத்து இழுத்து ஏற்றினார்கள் என்பது ஊர்க்கதை. பக்கத்தில் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், அது பல துண்டுகளைப் பொருத்திக் கட்டியது என்கிறார்கள். கதை போனால் வியப்பும் போய்விடுமா? தஞ்சாவூர் டெல்டா ஊர். கருங்கல் மலை பக்கத்தில் கிடையாது. 200 அடி உயரத்துக்கு அடுக்கிய அத்தனை கல்லும் வெளியூரிலிருந்து வந்தது. கொண்டுவந்து, செதுக்கி, அடுக்கி, ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது 1010-இல், உச்சியில் வைக்கப் பொன் வேய்ந்த செப்புக்குடத்தை அவன் கொடுத்ததாகக் கல்வெட்டே நாள் குறித்துச் சொல்கிறது. எனக்கு அந்த ஒற்றைக் கல்லைவிட இந்தத் தேதிதான் பெரிய அதிசயம்.

கல்வெட்டு முன்னால் கைடு எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பாருங்கள். வெளிச்சுவரில், கோயில் பணிக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, தெற்குத் தளிச்சேரியா வடக்குத் தளிச்சேரியா, வரிசையில் எத்தனையாவது வீடு என்று முகவரியோடு எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர், கூடவே வாசிக்க இருவர். தையல்காரர், நாவிதர், கணக்கர், தச்சர் எல்லாருக்கும் பங்கு குறித்திருக்கிறது. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரையும் படிக்கலாம். ராஜாவோடு தச்சனின் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. இந்தப் பட்டியலை முழுக்க ஒப்பிக்கிற கைடு வேண்டாம். ஒரு வரியில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு பெயரை நம்மையே படிக்க வைக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயரைத் தானே படித்துவிட்ட பிள்ளை அந்தக் கோயிலை மறக்காது.

கண்ணைப் பழக்குவது அடுத்த வேலை. பிரம்மாண்டமான துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும். அதை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரிது? அந்தப் பாம்பே யார் காலடியில் புழுப்போல் கிடக்கிறதோ, அந்தக் காவல்காரர்? அவர் காக்கிற சாமி? சிற்பி கல்லில் போட்ட கணக்கு இது. நல்ல கைடு கீழே கை காட்டி, "பாம்பு வாயில என்ன இருக்கு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். மீதியை நாமே கண்டுபிடிக்க ஒரு நிமிடம் விடுவார். இப்படிச் சும்மா இருக்கத் தெரிந்த கைடு அபூர்வம்.

அதே முற்றத்தில் நின்றுகொண்டு காலத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விமானம் சோழர் காலம். அம்மன் சன்னதி பிறகு வந்தது, பாண்டியர் காலத்தது. அந்த நகைவேலை போன்ற முருகன் கோயில் நாயக்கர் காலம். பெரிய நந்தியும் நாயக்கர் காலம்தான். அது வளர்ந்துகொண்டே போனதாகவும் முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் சொல்கிற கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம், தப்பில்லை. பிராகாரத்தின் தென்மேற்கில் 1803-இல் வெட்டிய மராட்டிக் கல்வெட்டு, போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை நீளமாகச் சொல்கிறது. ஒரே வளாகத்தில் நான்கு அரச மரபுகள். எல்லாவற்றையும் ராஜராஜன் தலையில் கட்டுகிற கைடு, அவனுக்குப் பெருமை சேர்க்கவில்லை, மற்றவர்களை அழிக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. கருவறையைச் சுற்றிய உள்வழியில், நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களில் 81-ஐச் செதுக்கி, மீதிக்குக் கல்லை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இரண்டையும் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. "நான் ஏற்பாடு பண்றேன் சார், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு விலகுங்கள். மூச்சுக்காற்றும் கைச்சூடும் பட்டால் கெடுகிற வண்ணம் அது.

பெரிய கோயிலோடு ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கிற கைடிடம் பாதித் தஞ்சாவூர்தான் இருக்கிறது. அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார், 1011-இல் வார்த்த செப்புத் திருமேனி. ஒரு கை எதன் மேலோ சாய்ந்திருக்கும். அந்தக் கை சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. இல்லாத காளையை நாம் பார்க்கிற இடத்தில் கொண்டு நிறுத்துகிறவர் கெட்டிக்காரர். சரஸ்வதி மகால் நூலகத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி திரட்டிய சுவடிகளும் படங்களும் உண்டு. அரண்மனையில் சாம்பார் பிறந்த கதையைக் கட்டாயம் சொல்வார்கள். மராட்டிய மன்னர் சம்பாஜியின் பெயரால் வந்தது என்பதற்குக் கெட்டியான ஆதாரம் யாரும் காட்டியதில்லை. சிரித்துக்கொண்டே சொன்னால் ரசித்துக்கொள்ளுங்கள்.

என் அளவில் ஒரு கைடுக்கு நான் வைக்கிற கடைசிப் பரீட்சை சிவகங்கைப் பூங்காவில் இருக்கிறது. பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே, 1779-இல் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டிய தேவாலயம். உள்ளே ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் பலகை: மரணப் படுக்கையில் ஷ்வார்ட்ஸ், அருகே இளம் சரபோஜி. ஒரு இந்து ராஜா தன் கிறித்தவ ஆசானுக்கு லண்டனிலிருந்து சிற்பம் வரவழைத்து வைத்த இடம். தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்ப்பதே இல்லை. இங்கே பூட்டியிருந்தால் சாவி யாரிடம் கேட்பது என்று தெரிந்த கைடு, ஊரைப் புத்தகத்தில் படித்ததோடு நிற்காமல் தெருவிலும் நடந்தவர்.

அப்படி ஒருவர் வாய்த்தால் பேசிய பணத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். அவருடைய எண்ணை, அவரைக் கேட்டுக்கொண்டு, அடுத்து தஞ்சாவூர் போகிற நண்பருக்கும் கொடுங்கள். விளம்பரம் செய்ய வசதியில்லாத இந்தத் தொழிலில், நன்றாகப் படித்து வைத்திருக்கிற கைடுகளுக்கு வேலை வருவது பெரும்பாலும் அப்படித்தான்.