எழுபத்தொரு லட்சமும் ஓர் அமானிதமும்

திருவரங்கம் பெரிய கோயிலின் திருச்சுற்றுகளை வலம்வருவோர் அங்குள்ள சுவர்களில் வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளைப் பெரும்பாலும் படிப்பதில்லை. படித்தால் வியப்படைவர். அவற்றுள் பெரும்பகுதி கணக்கு. இன்னார் இத்தனை பொன் கொடுத்தார்; இன்ன ஊரில் இத்தனை நிலம் விட்டார்; அதன் வருவாயில் இன்ன விளக்கு எரிய வேண்டும் என்று நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் பேசுகின்றன. முடிவில், இந்த அறம் ஸ்ரீவைஷ்ணவர்களின் காவலுக்கு உரியது என்று ஒரு வாசகம் வரும். காவல் என்றது வாளேந்திய சேனையை அன்று. நாள்தோறும் அவ்வழியே வந்துபோகும் அடியார்களின் கண்களை. விளக்கு அணைந்திருந்தால் அவர்கள் கேட்பார்கள்.

ஆற்றுக்குத் தென்கரையில் நம் முன்னோரும் இவ்வகையில் குறைந்தவர்கள் அல்லர். நத்ஹர் வலீ தர்காவுக்கு ஆர்க்காட்டு நவாபுகள் மானியம் விட்டனர். வக்ஃபு என்று எழுதிவைத்த சொத்தை முத்தவல்லி ஆளலாம். உரிமை கொண்டாட முடியாது. இன்றும் திருச்சியின் பல மஹல்லாக்களில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகையில், காலணி வைக்கும் இடத்திற்கு மேலே, வரவு செலவுத் தாள் ஒட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மின்கட்டணம் இவ்வளவு, மோதினார் சம்பளம் இவ்வளவு என்று அதில் இருக்கும். செருப்பைத் தேடும் சாக்கில் அதைப் படிக்காதவர் அரிது.

இவ்வளவு தெளிவான மரபுடைய நாம், நாடறிந்த நம்மவர் ஒருவரின் அறக்கட்டளை குறித்துக் கேள்வி எழுந்தபோது எப்படி நடந்துகொண்டோம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களின் பெயரை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் இராது. 1967 முதல் 1969 மே மாதம் பதவியிலிருந்தபடியே மறையும் வரை நம் குடியரசின் தலைவராக இருந்தவர். அதற்கெல்லாம் முன்பு, 1926 முதல் 1948 வரை டில்லி ஜாமிஆ மில்லிய்யாவைக் கட்டிக் காத்தவர். அந்தக் கலாசாலை பணமின்றித் தள்ளாடிய நாளில், அன்னாரும் உடனிருந்த ஆசிரியர்களும் இருபது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்கமாட்டோம் என்று உறுதி பூண்டனர். அத்தகையவரின் பெயரில் அவர் குடும்பத்தார் 1986இல் நிறுவியதே டாக்டர் ஜாகிர் உசேன் நினைவு அறக்கட்டளை. அன்னாரின் மகள்வயிற்றுப் பேரர் சல்மான் குர்ஷித் அவர்களும், அவர் துணைவியார், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் லூயிஸ் குர்ஷித் அம்மையாரும் அதனை நடத்தினர். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொண்டு செய்வது அதன் பணிகளுள் ஒன்று.

மத்திய அரசில் 1981 முதல் ஒரு திட்டம் உண்டு. மூன்று சக்கர வண்டி, சக்கர நாற்காலி, செவிக்கருவி ஆகியவற்றை ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கத் தொண்டு நிறுவனங்களுக்கு அரசு மானியம் தரும். கருவிகள் உரியவர் கைக்குச் சேர்ந்தன என்பதை உள்ளூர் அதிகாரிகள் சோதித்துச் சான்று தரவேண்டும். இத்திட்டத்தின்கீழ் 2010ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் 17 மாவட்டங்களுக்கென இந்த அறக்கட்டளைக்கு 71 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் அளிக்கப்பட்டது.

2012 அக்டோபரில் ‘ஆஜ் தக்’ தொலைக்காட்சி ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. நடந்ததாகச் சொல்லப்பட்ட முகாம்கள் சில இடங்களில் நடக்கவேயில்லை. சான்றுக் கடிதங்களில் உள்ள கையொப்பமும் முத்திரையும் தம்முடையவை அல்ல என்று அதிகாரிகள் சிலர் கூறுகின்றனர் என்பது அதன் சாரம். குர்ஷித் அவர்கள் அப்போது மத்திய சட்ட அமைச்சர். அவர் பத்திரிகையாளரைக் கூட்டிப் புகைப்படங்களைக் காட்டி முகாம்கள் நடந்தன என்றார். குற்றச்சாட்டை அடியோடு மறுத்தார். அர்விந்த் கெஜ்ரிவால் மாற்றுத்திறனாளிகள் சிலருடன் டில்லித் தெருவில் மறியலில் அமர்ந்தார்; பின்னர் குர்ஷித்தின் தொகுதியான ஃபருக்காபாதுக்கே சென்று கூட்டம் போட்டார். சட்ட அமைச்சரோ, தம் தொகுதி மக்களிடையே பேசுகையில், பேனாவால் மட்டுமின்றி இரத்தத்தாலும் பணியாற்ற வேண்டிவரும் என்னும் கருத்துப்படப் பேசினார். சட்டத்தைக் காக்கும் அமைச்சர் வாயில் வரத்தகாத சொல் அது என்று நாம் கருதுகிறோம்.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சில் தைத்தது வேறொரு சொல். அமைச்சரவையில் உடனிருந்த உருக்குத்துறை அமைச்சர் பேனி பிரசாத் வர்மா, நண்பருக்குத் துணைநிற்பதாக எண்ணி, 71 லட்சம் என்பது ஒரு மத்திய அமைச்சருக்கு மிகச் சிறிய தொகை, 71 கோடி என்றால் அன்றோ பொருட்படுத்த வேண்டும் என்னும் பொருள்பட உரைத்தார். நாடு சிரித்தது, மறுநாள் மறந்தது. நாம் அதைச் சற்றே நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். ஒரு மூன்று சக்கர வண்டிக்கு ஆறாயிரம் ரூபாய் என்று கொண்டால், 71 லட்சத்து 50 ஆயிரத்தில் ஏறத்தாழ 1,190 வண்டிகள் வரும். வாசகர்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் திருச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று, குறைதீர்க்கும் நாள் கூட்டத்தைப் பார்க்கட்டும். மணப்பாறையிலிருந்தும் முசிறியிலிருந்தும் மகன் முதுகில் ஏறி வந்த தகப்பனும், தரையில் கையூன்றித் தவழ்ந்து வரும் இளைஞனும், கையில் மனுவுடன் மரத்தடியில் காத்திருப்பார்கள். அவர்களுள் ஒருவருக்கு வண்டி கிடைத்தால், பெட்டிக்கடை வைக்கலாம், பிறர் தயவின்றிப் பள்ளிக்குத் தொழப் போகலாம். தொகை சிறிதா பெரிதா என்று அளக்கும் கோல் அமைச்சரின் கையில் இல்லை. அந்த மரத்தடியில் இருக்கிறது.

பிறகு நடந்தது என்ன? குற்றச்சாட்டு எழுந்து மூன்று வாரம் முடிவதற்குள், 2012 அக்டோபர் 28ஆம் நாள், குர்ஷித் வெளியுறவு அமைச்சராக உயர்த்தப்பட்டார். நவம்பரில் கெஜ்ரிவாலின் புதிய கட்சி முறைப்படி தொடங்கப்பெற்றது. 2014 தேர்தலில் குர்ஷித் ஃபருக்காபாதில் தோற்றார், 2019இலும் தோற்றார். காங்கிரஸ் நாடெங்கும் வீழ்ந்த தேர்தல்கள் அவை. தோல்விக்கு இதுவே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2017 ஜூனில்தான் வழக்குப் பதிந்தது. பதிந்த இடம் காயம்கஞ்ச்: ஜாகிர் உசேன் அவர்களின் மூதாதையர் ஊர். 2019 டிசம்பரில் லூயிஸ் அம்மையார் உள்ளிட்டோர்மீது குற்றப்பத்திரிகை. 2024 மார்ச்சில் அமலாக்கத்துறை சில சொத்துகளை முடக்கியது. குற்றப்பத்திரிகை தீர்ப்பு ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். ஆயின் பணம் தரப்பட்ட ஆண்டுக்கும் வழக்கு முறையாகப் பதிவான ஆண்டுக்கும் இடையே ஏழு ஆண்டுகள்! ஒரு கட்சிக்குப் பதவி உயர்வும் இன்னொரு கட்சிக்குப் பிறப்பும் தந்த அந்த விவகாரத்தில், 17 மாவட்டங்களில் இன்னார் இன்னாருக்கு வண்டி கிடைத்தது, இன்னாருக்குக் கிடைக்கவில்லை என்ற பட்டியலைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

நம்மவரும் பேசவில்லை. அந்நாளில் நம் சமுதாயப் பெரியவர்கள் சிலர் கூறியதை நாம் காதாரக் கேட்டோம்: மத்தியில் நம்மவர் ஒருவர் உயர்ந்து நிற்கிறார், அது பொறுக்காமல் வீழ்த்தப் பார்க்கிறார்கள் என்றனர். பொறாமை இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பகைவன் கேட்டான் என்பதற்காகக் கேள்வி பொய்யாகிவிடுமா? அமானிதம் என்ற சொல்லை மேடைதோறும் முழங்கும் நாம், அந்தக் கணக்கைப் பகைவர் கேட்குமுன் கேட்டிருக்க வேண்டியவர்கள் அல்லவா? ஜாகிர் உசேன் அவர்களின் பெயர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய சொத்தன்று. 150 ரூபாய்க்கு மேல் வேண்டா என்றவரின் பெயர்ப்பலகையின் கீழ் ஒரு காசுக்கு ஐயம் எழுந்தாலும் உடனே ஏட்டைத் திறந்து வைக்கும்படி வற்புறுத்துவதே அவரை மதிப்பதாகும்.

மௌனம் காத்தால் நிறுவனம் பிழைக்கும் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ‘ஏகார்ன்’ என்றொரு பேரமைப்பு இருந்தது. 1970இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் தோன்றி, ஏழைகளின் வீடு, கூலி, வாக்குரிமை ஆகியவற்றுக்காகப் போராடியது. 1994க்குப் பின் அரசுப் பணமும் கோடிக்கணக்கில் பெற்றது. அதன் நிறுவனரின் உடன்பிறந்தார் 1999, 2000ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் டாலரைக் கையாடினார். தலைவர்கள் சிலர் அறிந்தும், பகைவருக்கு ஆயுதமாகிவிடும் என்று அஞ்சி, கடன் என்று எழுதி மறைத்தனர். 2008இல் அது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், தகாத தொழில் செய்பவர்போல் வேடமிட்டு அதன் அலுவலகங்களுக்குச் சென்ற இருவர், ஊழியர்கள் ஆலோசனை கூறுவதை மறைவாகப் படம்பிடித்து வெளியிட்டனர். சில நாட்களுக்குள் செனட் சபை 83க்கு 7 என்றும், பிரதிநிதிகள் சபை 345க்கு 75 என்றும் வாக்களித்து அரசுப் பணத்தை நிறுத்த முனைந்தன. நேற்றுவரை அதன் நண்பர்களாயிருந்தோரும் எதிர்த்துக் கைதூக்கினர். 2010இல் கலிபோர்னியாவின் அரசு வழக்குரைஞர் அந்தப் படங்கள் வெட்டி ஒட்டப்பட்டவை என்று கண்டார். நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும் அரசுப் பணம் முறைகேடாகச் செலவானதற்குச் சான்றில்லை என்றது. அதற்குள் அலுவலகங்கள் மூடப்பட்டுவிட்டன. பொய்ப்படம் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டதற்கு எட்டாண்டு மூடிவைத்த ஓர் உண்மை வழிசெய்தது என்று நாம் எண்ணுகிறோம்.

கணக்குக் கேட்பதே பழிவாங்கும் கருவியாவதும் உண்டு. 1982இல் இந்திரா காந்தி அம்மையாரின் அரசு காந்தி சமாதான நிறுவனம் முதலியவற்றின்மீது நீதிபதி குதால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1975இல் ஜெயப்பிரகாஷ் நாராயணர் கைதானது அந்நிறுவனத்தின் டில்லி விடுதியில்தான் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். ஆதலால் அரசு கேட்கும் வரை காத்திருப்பது பேதைமை.

இது எங்கோ வடக்கே நடந்தது என்று இருந்துவிட முடியவில்லை. திருவரங்கம் வட்டத்தில், காவிரியின் தென்கரையில், திருச்செந்துறை என்றோர் ஊர் உண்டு. வக்ஃபு வாரியம் தொண்டு நிறுவனம் அன்று, சட்டத்தால் அமைந்தது; என்றாலும் பொதுப்பொருளை நம் பெயரால் காக்கும் இடம் என்பதில் இரண்டும் ஒன்றே. 2022இல் வாரியம் தன் சொத்துகளின் பட்டியலைப் பதிவுத்துறைக்கு அனுப்பியது. அவ்வூர்க்காரர் ஒருவர் தம் ஒரு ஏக்கர் சொச்சம் நிலத்தை விற்கப் போன இடத்தில், சென்னையிலுள்ள வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டார். ஊரே வக்ஃபு, கோயிலும் வக்ஃபு என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவிற்று. வாரியம் பழைய நில அளவைப் பதிவுகளையும் அரசர் காலக் கொடைகளையும் சுட்டிற்று. வருவாய்த்துறையினர் பேச்சு நடத்தி, வழக்கம்போல் பதிவு நடக்கட்டும் என்றாயிற்று. ஊர் அடங்கிற்று, செய்தி அடங்கவில்லை. 2024 ஆகஸ்டில் வக்ஃபு திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்த அமைச்சர் கிரண் ரிஜிஜு எடுத்துக்காட்டிய ஊர்களுள் திருச்செந்துறை ஒன்று. 2025 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்திவைத்தது.

அக்கோயிலுக்கு 1,500 ஆண்டு வயது என்று அவையில் சொல்லப்பட்டது மிகை. பராந்தக சோழனின் மகன் அரிகுலகேசரியின் தேவி பூதி ஆதித்த பிடாரி எழுப்பிய கற்றளி அது, பத்தாம் நூற்றாண்டுக்குரியது. அதை நாம் எப்படி அறிகிறோம்? சுவரில் எழுதியிருக்கிறது. யார் கட்டினார், யார் என்ன கொடுத்தார் என்பதை எவரும் போய்ப் படிக்கலாம். வாரியத்தின் பத்திரங்களும் உண்மையானவையாக இருக்கலாம். அவற்றின் நகலைப் பதிவுத்துறைக்கு முன்பாகத் திருச்செந்துறை மக்களிடம் காட்டி, எது வக்ஃபு, எது பட்டா நிலம், எது கோயில் என்று அவர்களோடு அமர்ந்து பிரித்திருந்தால், திருச்சியிலிருந்து சில கல் தொலைவில் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது.