பொருந்தாக் கற்பனையும் முப்பது நாள் நாவலும்

கதை என்றால் நடந்ததுபோல் இருத்தல் வேண்டும் என்பது நம்முள் பலரின் முடிவு. நடக்கவே இயலாத ஒன்றை அடிப்படையாக வைத்து நாவல் எழுதப் புகும் இளைஞனைக் கண்டு பெரியவர்கள் நகைக்கின்றனர். அதனையும் ஒரு மாதத்திற்குள் முடித்துக் காட்டுவதாக அவன் பந்தயம் கட்டினால், எழுத்தை விளையாட்டாக்கிவிட்டான் என்று கடிந்து கொள்கின்றனர். இந்த நகைப்பும் கடிதலும் நியாயமானவைதாமா என்பதை இலக்கிய வரலாற்றைக் கொண்டே எடைபோட்டுப் பார்ப்போம்.

இத்தகைய பந்தயத்திற்குப் பெயர்பெற்ற சான்று அமெரிக்காவில் தோன்றியது. 1999ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பார் தொடங்கிய முயற்சியில் 21 பேர் கலந்துகொண்டனர். ஒரு மாதத்தில் 50,000 சொற்கள் கொண்ட நாவல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள். மறு ஆண்டு முதல் நவம்பர் மாதம் இதற்குரியதாயிற்று. பின்னர் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இதில் ஈடுபட்டனர். தரம் பார்க்கும் நடுவர் எவரும் இல்லை. கணக்கை நிறைவு செய்தவர் எல்லாரும் வென்றவரே. கதைக்கோப்பு இன்றியும் எழுதத் தொடங்கலாம் என்பது பேட்டியின் கொள்கை. ஆகவே, கைக்கு வந்த விந்தைக் கருத்துகளைப் பற்றிக்கொண்டு பலரும் எழுதினர்.

விளைந்தவை யாவும் பதர்தாமா? அல்ல. இரவில் மட்டுமே திறக்கும் ஒரு சர்க்கஸைப் பற்றி எரின் மார்கன்ஸ்டர்ன் எழுதி 2011இல் வெளிவந்த நாவல் இந்தப் பயிற்சியில் முளைத்ததே. ஆனால், முளைத்தது வேறு. கதிர் முற்றியது வேறு. விரைந்து எழுதியதை அவர் ஆண்டுக்கணக்கில் திருத்த வேண்டியிருந்தது. பந்தயம் அச்சத்தை நீக்கும். முதற்பிரதியை முடிக்க வைக்கும். அதற்கு மேல் எதனையும் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது.

இது புதிய வழக்கமும் அன்று. 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டினுள் அடைபட்டிருந்த ஒரு சிறு கூட்டத்தாரிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அவரும் கவிஞர் ஷெல்லியும் விரைவிலேயே ஓய்ந்துவிட்டனர். பதினெட்டு வயதே ஆகியிருந்த மேரி என்ற பெண்மணி விடவில்லை. பிணங்களின் உறுப்புகளைக் கூட்டி உயிரூட்டிய ஓர் உருவம் என்னும் அவருடைய கற்பனை, 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற நாவலாக வெளிவந்தது. கருத்து நடவாததே. ஆயினும், மனிதன் தன் கையால் ஆக்கியதற்குப் பொறுப்பேற்காமல் ஓடிவிட்டால் என்ன நேரும் என்ற வினாவை அவர் இறுதிவரை நழுவவிடவில்லை. அதனாலன்றோ அந்நூல் இன்றும் வாழ்கிறது!

அரபி இலக்கியத்தில் இதற்கு மூத்த சான்று ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூஸ் நாட்டு அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ளான்' என்பதே அது. ஆளில்லாத் தீவில் ஒரு மானின் பாலுண்டு வளர்கிறது ஒரு மனிதக் குழந்தை. மொழி இல்லை, ஆசான் இல்லை. இதைவிடப் பொருந்தாக் கற்பனை வேறென்ன? ஆனால், அந்தத் தாய்மான் இறந்துபோகும் இடத்தைப் படித்துப் பாருங்கள். சிறுவன் கூப்பிடுகிறான், மறுமொழி இல்லை. கண்ணையும் காதையும் ஆராய்கிறான், பழுதேதும் தென்படவில்லை. கூரிய கல்லால் மார்பைப் பிளந்து இதயத்தைக் காண்கிறான். அதனுள் ஓர் அறை வெறுமையாய்க் கிடக்கிறது. தான் நேசித்தது இவ்வுடலை அன்று, இங்கிருந்து நீங்கிச் சென்ற ஒன்றையே எனத் தெளிகிறான். கதையின் தொடக்கம் நம்பத் தகாதது. இந்தத் துக்கமோ நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இயலாத ஒன்றை வாசகனிடம் ஒருமுறை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதன்பின் நிகழும் ஒவ்வொன்றும் நியாயம் பிசகாமல் நடத்தல் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் புதுப்புது விந்தைகளைக் கேட்பவன் கடன்காரனே அன்றிக் கதைக்காரன் ஆகான்.

பந்தயத்துக்கும் இத்தகைய அளவுகோல் உண்டு. பஸராவின் ஹரீரி தம் ஐம்பது மகாமாக்களுள் புள்ளியுள்ள எழுத்தே வாராத சொற்பொழிவு ஒன்றையும், புள்ளியுள்ள சொல்லும் புள்ளியற்ற சொல்லும் மாறி மாறி வரும் கடிதம் ஒன்றையும் அமைத்தார். இவ்விளையாட்டு சில இடங்களில் கதையை மெலியச் செய்கிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், நாவன்மையை விற்றுப் பிழைக்கும் அபூஸைத் என்ற கிழவன் ஏடெங்கும் உயிரோடு உலவுவதால் நூல் நிலைத்தது. புனைகதை பொய்யன்றோ என்பாருக்கும் ஹரீரி தம் முன்னுரையில் விடை வைத்துள்ளார்: விலங்குகள் பேசும் கதைகளைச் சான்றோர் ஒதுக்கியதில்லை, எழுதுவோனின் நிய்யத்தே எழுத்தின் தகுதியை முடிவு செய்யும் என்பது அவர் கருத்து.

நிய்யத்து நீங்கிக் கணக்கு மட்டும் எஞ்சினால் நேர்வதையும் கண்டோம். கணினியே கதை எழுதித் தரும் நிலை வந்தபின், 2024இல் அந்த அமெரிக்க அமைப்பு, அதனை முற்றாகக் கண்டிப்பதற்கில்லை என்று அறிவித்தது. எழுத்தாளர் பலர் சினந்து விலகினர். 2025இல் பணமுடை முதலிய காரணங்களைக் கூறி அமைப்பு மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஐம்பதாயிரம் சொற்களை ஒரு பொறி நொடிகளில் கொட்டிவிடும். முப்பது நாள் உட்கார்ந்து எழுதியவனுக்குள் நிகழும் மாற்றம் அந்தப் பொறிக்கு நிகழாது.

ஆதலால் பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ ஒரு பொருந்தாக் கதையை ஒரு மாதத்தில் எழுதப் போவதாகச் சொன்னால் நகைக்காதீர்கள். 'இந்தக் கற்பனையைக் கொண்டு நீ எதைக் கேட்க விரும்புகிறாய்?' என்று மட்டும் வினவுங்கள். விடை உடனே வாராவிடினும் தாழ்வில்லை. அதனைத் தேடி எழுதட்டும். எழுதி முடித்தபின் ஆறப்போட்டு, அடித்துத் திருத்தவும் கற்றுக் கொடுங்கள்.