எட்டில் நிறுத்தவும்

"15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-இல் நிறுத்தவும்" என்று, மார்கழி பிறந்ததும் வாரப் பத்திரிகைகள் கோலத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுகிற வரியை, அதில் ரசிப்பதற்கு ஏதேனும் உண்டென்று எண்ணாமலே நான் பல வருஷங்கள் தாண்டிப் போயிருக்கிறேன். எங்கே தொடங்குவது, படிக்குப் படி என்ன செய்வது, எந்த இடத்தில் நிற்பது என்ற மூன்றையும் ஐந்தாறு சொல்லில் அடக்கிவிட்ட அந்தச் சுருக்கத்தின் அருமை, புதுச்சேரிப் பிள்ளைச்சாவடிப் பொறியியற் கல்லூரியில் கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கையில், டிஸ்கிரீட் மாத்தமேட்டிக்ஸ் என்ற பாடத்தின் வழியாகத்தான் எனக்கு விளங்கிற்று.

தனிநிலைக் கணிதம் என்று தமிழில் வழங்கும் இந்தச் சாஸ்திரத்துக்கு, ஒன்று, இரண்டு என்று தனித்தனியே நிற்கும் வஸ்துக்களே விஷயம். ஆற்றின் ஓட்டத்தை அளப்பது கால்குலஸ் என்றால், படித்துறையின் படிகளை எண்ணுவது இது. எண்ணுவதுதானே என்று அலட்சியமாக உள்ளே நுழைகிற மாணவன் திகைத்துப் போவதற்குக் காரணம், விடை மட்டும் இங்கே போதாது, அது ஏன் வேறாக இருக்க முடியாது என்கிற நிரூபணமும் வேண்டும் என்பதே. அந்த நிரூபணத்தைப் பரீட்சைக்கு முந்தின இரவு நெட்டுருப் போட்டு மறந்துவிடுவது, கச்சேரிக்குப் போய் ராகங்களின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புவது போன்ற நஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரியில் இருப்பவனுக்கோ உதாரணங்கள் காலடியிலேயே கிடக்கின்றன. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது அவர்கள் வகுத்த திட்டத்தைத் தழுவி, கோடு போட்டாற்போல் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும் வீதிகள் இவை. குறுக்கே எதுவும் மறிக்காத இடத்தில் கிழக்கே 4 வீதியும் தெற்கே 3 வீதியும் சுற்றாமல் கடந்து போவதற்கு 35 வழிகள் உண்டு என்பதை, ஒரு வழியிலும் நடந்து பாராமலே, ஏழு நகர்வுகளில் தெற்கு எந்த மூன்று என்று கேட்டுச் சொல்லிவிடலாம். ஆனாலும் என் மனத்தைக் கொள்ளை கொண்டது வீதியன்று, வீதியில் போட்ட கோலம்.

வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடொன்றில் அத்தை குடியிருந்த காலம். விடியுமுன் சாணி தெளித்த வாசலில் அவள் நடுவரிசையாக 15 புள்ளி வைத்து, அவற்றின் இடுக்குகளில் 14, அதன்மேல் 13 என்று மேலே ஏறி எட்டில் நின்று, பிறகு அவ்விதமே கீழேயும் இறங்கினாள்.

"மொத்தம் எத்தனை புள்ளி, அத்தை?"

"அதை யாருப்பா எண்ணுறது? எட்டுல நிக்கணும், அவ்வளவுதான்."

நான் கூட்டிப் பார்த்தேன், 169. எட்டின் கனம் 512, ஏழின் கனம் 343, இரண்டுக்கும் வித்தியாசம் அதே 169 என்று கண்டபோது இது தற்செயலாக இருக்க முடியாது என்று பட்டது. பக்கத்துக்கு எட்டாகச் சிறு மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கனசதுரம் செய்து, அதன் ஒரு மூலைக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஏழுக்கு ஏழுக்கு ஏழு கட்டைகள் மறைந்துபோக, கண்ணுக்குத் தெரிவன மூன்று முகங்களின் கட்டைகள் மட்டுமே, ஆளுக்கொரு புள்ளியாக, நடுவரிசையில் 15, ஓரத்தில் 8 என்று, அத்தையின் வாசலில் கிடந்த அதே அறுகோணமாகத் தெரியும்! 1, 7, 19 என்று மிகச் சிறிய கோலத்திலிருந்து இந்த எட்டாவது கோலம் வரை புள்ளிகளைக் கூட்டினால் 512 வருவதும், தோல்மேல் தோலாகக் கனசதுரம் வளர்வதேயன்றி வேறன்று. தரையில் தட்டையாகக் கிடந்த மாவுப் புள்ளிகள் சட்டென்று எழுந்து கட்டடமாக நின்ற அந்தக் கணத்தின் ஆனந்தத்தை நான் வேறெந்தப் பாடத்திலும் அடைந்ததில்லை.

கோலத்துக்கும் கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்கும் உள்ள இந்த உறவை முறைப்படி ஆராய்ந்தவர்கள் நம்மவர்களே. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, சொற்கள் ஒரே வரியாக ஓடும் வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப் போல, நாற்புறமும் பரவும் உருவத்துக்கும் இலக்கணம் உண்டென்று காட்டி, அதற்குக் கோலத்தையே சான்றாக வைத்து எழுதிய கட்டுரை 1974-இல் வெளிவந்தது. சில விதிகளை ஓயாமல் பிரயோகித்தே பெரிய கோலம் பிறக்கிறது என்பதை வாசலில் கற்ற பெண்கள் கோடிக்கணக்கானோர். அந்த விதிகளைக் காகிதத்தில் எழுதிக் காட்டலாம் என்று கண்டவர்கள் இம்மூவர்.

அதன்பின் சிக்குக் கோலத்தின் பக்கம் என் கவனம் திரும்பிற்று. நேர்ப்புள்ளிகளுக்கு நடுவே இழை குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்தோடி, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்புகிற எளிய வகையை எடுத்துக்கொண்டால், 3 வரிசைக்கு 4 புள்ளி வைத்தால் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் சேர்ந்துவிடும். 4-க்கு 4 வைத்தாலோ நான்கு இழைகளாகப் பிரிந்துவிடும். இழைகளின் எண்ணிக்கை அவ்விரு எண்களின் மீப்பெரு பொதுக்காரணியே என்பது நிரூபணமான உண்மை. இதை அறிந்த உற்சாகத்தில் அத்தையிடம் போய், ஆறு வரிசைக்கு ஒன்பது புள்ளி வைத்துக் கை எடுக்காமல் முடிக்க முடியுமா என்று கேட்டேன். மாவுக் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுந்தரையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அது மூணாப் பிரிஞ்சுடும் தம்பி. இன்னும் ஒரு வரிசை வச்சுக்க, ஒரே இழையா வந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஏழாவது வரிசைக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள்.