கண்ணுக்கு மட்டுமா விளையாட்டு?

பார்வையற்ற ஒருவர், பிறர் உதவி சிறிதுமின்றி, ஒரு வீடியோ விளையாட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஆடி முடிக்க முடியுமா? முடியாது என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் - பாகம் 2’ அந்த விடையைப் பொய்யாக்கியது. அமெரிக்காவின் ‘நாட்டி டாக்’ நிறுவனம் ‘பிளேஸ்டேஷன் 4’ கருவிக்காகத் தயாரித்த இந்த விளையாட்டில், மாற்றுத்திறனாளிகளை மனத்திற்கொண்டு 60க்கும் மேற்பட்ட வசதிகள் அமைக்கப்பட்டன.

இவற்றின் அடிப்படை எளியது. விளையாட்டு நமக்குச் செய்தி தருகிறது. நாம் அதற்குக் கட்டளை தருகிறோம். செய்தி கண், காது வழியே வருகிறது. கட்டளை விரல் வழியே செல்கிறது. இவற்றுள் ஒரு வழி அடைபட்டிருந்தால் வேறொரு வழியைத் திறந்துவிட வேண்டும்.

அது எவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். செல்ல வேண்டிய திசையை நோக்கி ஆட்டமே நம்மைத் திருப்பிவிடுகிறது. பகைவரும் பொருள்களும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை ஒலி வரும் திசை உணர்த்துகிறது. திரையிலுள்ள எழுத்துகளைக் கருவியே படித்துச் சொல்கிறது. ஓரளவு பார்வையுள்ளோர், பின்னணி சாம்பல் நிறமாக மங்கவும், நண்பர் நீலமாகவும் பகைவர் சிவப்பாகவும் தெரியவும் செய்துகொள்ளலாம். விரைந்து பலமுறை அழுத்த வேண்டிய பொத்தானை, விரல் வலுவற்றோர் ஒருமுறை அழுத்திப் பிடித்தாலே போதும்.

இந்தக் கடைசி வசதிக்கு ஒரு வரலாறு உண்டு. இதே நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘அன்சார்ட்டட் 2’ விளையாட்டை, உடலியக்கக் குறைபாடுடைய ஆட்டக்காரர் ஒருவரால் முடிக்க இயலவில்லை. பொத்தானை விடாது விரைந்து அழுத்த வேண்டிய ஓரிடம் அவரைத் தடுத்துவிட்டது. அவர் கூறியதை நிறுவனத்தார் செவிமடுத்தனர். 2016இல் வந்த ‘அன்சார்ட்டட் 4’இல் அத்தடை நீங்கியது.

எனினும், 2020ஆம் ஆண்டு விளையாட்டைக் குறையற்றது என்று கூறிவிட முடியாது. இடையிடையே திரைப்படம்போல ஓடும் கதைக் காட்சிகளில் என்ன நடக்கிறது என்பதை விவரிக்கும் குரல் அதில் இல்லை. பகைவரை ஒலியால் கண்டு வென்ற பார்வையற்றவர், பேச்சில்லாமல் நிகழும் ஒரு செயலை அறியாமலே இருக்க நேர்ந்தது. ஆட்டம் அவருக்குக் கிட்டியது. கதை முழுமையாகக் கிட்டவில்லை. 2022இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட முதல் பாகத்தில்தான் அக்குரல் இடம்பெற்றது. இரண்டாம் பாகத்திற்கு அது 2024இல் வந்தது.

“எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டால் ஆட்டத்தில் சுவை ஏது?” என்று சிலர் கேட்கிறார்கள். பார்வையற்றோருக்கான சதுரங்கப் பலகையை எண்ணிப் பாருங்கள். கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். காய்கள் துளைகளில் பொருந்தி நிற்கும். இதனால் சதுரங்கம் எளிதாகிவிட்டதா? எதிராளியின் சூழ்ச்சியை வெல்வது சவால்; எழுத்தைப் படிக்க இயலாமல் நிற்பது தடை. மேற்கூறிய விளையாட்டில் ஆட்டத்தை உண்மையிலேயே எளிதாக்கும் வசதிகளும் சில உண்டு. அவற்றைக் கொள்வதும் தள்ளுவதும் ஆடுவோர் விருப்பம். அவை பிறர் சுவையைக் கெடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2010இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், ஆடுவோர் தமக்குள் எழுதியும் பேசியும் உரையாடும் வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்கிறது. விளையாட்டுகளுக்கு அதில் அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2018 இறுதியில் முடிந்தது. ஆனால் ஆட்டமே அவர்கள் ஆடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடவில்லை. அது தயாரிப்பாளரின் நல்லெண்ணத்திற்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவேதான் ஆட்டக்காரர்கள் ஓயாது குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுகளை உருவாக்குவீர்கள். கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்து வாயில் வைப்பது கடினம். வரைபடத்திலேயே வைப்பது எளிது. யாரெல்லாம் ஆடுவார்கள் என்ற கேள்வியை முதல் நாளிலேயே கேளுங்கள்.