சுருதி ஏறும் திரை

பார்வையற்றோருக்குக் கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானில் எனக்குப் பிடித்தது, பலர் முகம் சுளிக்கிற அந்த இ-ஸ்பீக் குரல்தான். தகரத்தனமான குரல், ஆனால் எவ்வளவு முடுக்கினாலும் எழுத்து குழையாது. ஒலியைக் கணக்கிட்டே உண்டாக்குவதால் அளவும் சிறியது. தமிழும் பேசும், கன்னடமும் பேசும்.

கோப்பு இறங்கும்போது இன்னொரு அழகு. சதவீதத்தை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் ‘பீப்’ ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். வேலை எவ்வளவு முடிந்தது என்பதைச் சுருதியே சொல்லிவிடும். பெங்களூரின் மல்லேஸ்வரம் போன்ற கச்சேரிப் பேட்டைக்கு இதை விளக்கவே வேண்டாம்!

2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். அவருக்கும் பார்வை இல்லை. அன்று விலைக்குக் கிடைத்த திரைவாசிப்பான்கள் பல கணினியைவிட அதிக விலை கொண்டவை. என்விடிஏ போலவே, மல்லேஸ்வரத்தை ஒட்டிய இந்திய அறிவியல் கழகத்தில் ரமேஷ் ஹரிஹரன் தொடங்கிய ‘த்வனி’யும் இந்திய மொழிகளைப் பேசவைத்த கட்டற்ற மென்பொருள்தான்.

என்விடிஏவைப் பென்டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம். சம்பிகே ரோட்டில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகினால், எதையும் நிறுவாமலே பேசத் தொடங்கும். கடைக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.